பெரிய கோயிலும் சின்னக் கோயிலும்

முத்துக்குளித்துறை – தொடர் 9

1658இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி ரைக்லோப் வான் கூன்ஸ் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார். துறைமுகம் கைமாறியது. கிடங்குகள் கைமாறின. கடலுக்கடியில் கிடக்கும் முத்துப் பார்களும் காகிதத்தில் கைமாறின. கோயில்களும் இப்படியே தங்கள் பக்கம் வந்துவிடும் என்று புதிய எசமானர்கள் கணக்குப் போட்டார்கள். இயேசு சபைக் குருக்களை ஊரைவிட்டு வெளியேற்றி, கோயிலைத் தங்கள் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டு, பிலிப்பஸ் பல்தேயுஸ் என்ற புராட்டஸ்டன்ட் போதகரைக் கரைக்கு அனுப்பிவைத்தார்கள்.

பல்தேயுஸ் லேசுப்பட்ட ஆள் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து தமிழ் பழகியவர். மலபார், சோழமண்டலம், இலங்கை மூன்றையும் பற்றி 1672இல் பெரிய நூல் வெளியிட்டவர். ஆனாலும் இந்தக் கரையில் அவர் பருப்பு வேகவில்லை. முத்துக்குளிக்கும் பரதவர்கள் ரோமையை விட்டு அசைய மறுத்தார்கள் என்பதை அவரே தம் நூலில் குறைபட்டு எழுதியிருக்கிறார். டச்சு அதிகாரம் எட்டாத வெளியூர்களில் குருக்கள் பூசை வைத்தார்கள். தூத்துக்குடிக்காரர்கள் அங்கே போய்வந்தார்கள். ஊருக்குள் இருந்த கோயிலில் பிரசங்கம் நடந்தது; கேட்க ஆள் இல்லை.

இந்தப் பிடிவாதத்துக்குப் பக்திதான் காரணம் என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பக்தி இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முந்தைய நூற்றிருபது ஆண்டுகளில் கோயில் இந்த மக்களுக்கு ஊர் மன்றமாகவும் பொதுப் பணப்பெட்டியாகவும் சாதியின் கௌரவமாகவும் ஆகிவிட்டிருந்தது. அதைக் கைவிட்டால் மன்றமும் பணப்பெட்டியும் கௌரவமும் சேர்ந்தே போய்விடும். டச்சுக்காரர்களுக்கு இது பிடிபடவே சில பத்தாண்டுகள் ஆயின.

முந்தைய அத்தியாயங்களின் கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். முத்துக்குளிப்பு உரிமைக்காக முஸ்லிம் வணிகர்களோடு ஏற்பட்ட மோதலில் நெருக்கடிக்கு ஆளான பரதவர்கள், ஜுவான் த குரூஸ் என்ற குதிரை வியாபாரியின் யோசனைப்படி 1535 வாக்கில் கொச்சிக்குத் தூது போனார்கள். ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் முதலில் அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். அடுத்து கரையோர ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் பெற்றார்கள். போர்ச்சுக்கீசியக் கப்பற்படை பாதுகாப்பு தந்தது. இது சாதியாகச் சேர்ந்து எடுத்த முடிவு, பட்டங்கட்டிகளும் சாதித் தலைவரும் பேசி முடித்த உடன்படிக்கை. தனித்தனி ஆளாக மனம் மாறிப் போனவர்களின் சபையாக இருந்திருந்தால் பின்னால் நடந்த பல விஷயங்கள் வேறு மாதிரி நடந்திருக்கும்.

ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள் திரும்பிப் போய்விட்டார்கள். ஐந்தாறு ஆண்டுகள் ஊர்களில் பெயர் மட்டும் மாறியிருந்தது. பெர்னாண்டோவும் கோமஸும் வாஸும் மச்சாடோவும் மோத்தாவும் இருந்தார்கள்; செபம் சொல்லத் தெரிந்தவர்கள் இல்லை. 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது இருந்த நிலைமை இதுதான்.

சவேரியார் என்றால் நமக்குக் கையில் சிலுவையோடு நிற்கும் படம் நினைவுக்கு வரும். அவர் கடிதங்களில் தெரிகிற மனிதர் பெரும்பாலும் நிர்வாகி. தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களை உட்காரவைத்து விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகளே வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோயாளி வீட்டுக்குத் தம்மை அழைத்தால் பல நேரங்களில் பிள்ளைகளைத்தான் செபிக்க அனுப்பினார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோகிறது என்று 1544 சனவரியில் எழுதிய கடிதம் ஐரோப்பா முழுக்கப் பிரபலம்.

அதைவிட முக்கியமாகப் படுவது கணக்கப்பிள்ளை ஏற்பாடு. ஒவ்வோர் ஊரிலும் கோயிலைக் கவனிக்க, செபம் சொல்லிக்கொடுக்க, பிறப்பு இறப்பு திருமணத்தைக் கவனிக்க, சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்க, உள்ளூர் ஆள் ஒருவரை நியமித்தார். சம்பளத்துக்குப் பணம்? இந்தக் கரையின் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 4,000 பணம் போர்ச்சுக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொகையைக் கேட்டு வாங்கி உபதேசியார்களான இந்தக் கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளமாக்கினார் சவேரியார். இந்தக் கரையின் கிறிஸ்தவப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு கிடையாது, இவர்களைக் கொண்டே அரசியார் மோட்சத்துக்கு ஏறிப்போகலாம் என்று நயமாக எழுதவும் செய்தார். முத்துச் சலாபத்தில் மூச்சடக்கிய மனிதர்களின் உழைப்பு லிஸ்பனில் ஒரு சீமாட்டியின் செருப்பாகப் போய்க்கொண்டிருந்ததை யோசித்தால், அந்த நயம் கொஞ்சம் கசக்கிறது.

1544 சூனில் வடுகப் படைகள் குமரிமுனைப் பக்கம் சூறையாடின. அங்கிருந்த பரதவர்கள் கடலோரப் பாறைகளில் ஒளிந்து பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். காற்று எதிர்க்காற்று. துடுப்பு போட்டும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் நகரவில்லை. கடைசியில் நடந்தே போனார். உதவிக்கு ஊர் ஊராகப் பணம் திரட்டும்படி பட்டங்கட்டிகளுக்கு எழுதிய அதே மூச்சில், ஏழைகளிடம் வாங்கவேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். சாராயம் குடிக்கும் புன்னைக்காயல் பெண்களுக்கு அபராதம் போடச் சொன்னதும் இதே கடிதக் கட்டில்தான் இருக்கிறது. நிவாரணம், வசூல், அபராதம், காவல் எல்லாமே கோயில் வழியாக நடந்தன. நடத்தியவர்கள் பட்டங்கட்டிகள். குரு வருவார், போவார்.

இந்த இடத்தில் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. இதே அமைப்பு அதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரான்சின் கிராமங்களில் இருந்தது. அங்கே கோயிலின் பீடப் பகுதியைப் பராமரிப்பது தசமபாகம் வாங்குகிறவரின் பொறுப்பு. மக்கள் நிற்கும் நீண்ட கூடத்தைப் பராமரிப்பது ஊராரின் பொறுப்பு. விளக்கெண்ணெய்க்கும் கூரைக்கும் மணிக்குமான பணத்தை ஊர் தேர்ந்தெடுத்த பொறுப்பாளர்கள் வைத்திருந்தார்கள். அந்தக் கூடத்திலேயே ஊர்க்கூட்டமும் கூடும். படை வந்தால் ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு அதற்குள்தான் ஓடி ஒளிந்தார்கள். தீ, வெள்ளம், சாவு எதுவானாலும் மணிதான் ஊருக்குச் சொல்லும். முத்துக்குளித்துறையில் கூடுதலாக இருந்தது ஒன்று: ஊரும் கோயிலும் ஒரே சாதியின் கையில் இருந்தன, அந்தச் சாதிக்கு ஒரு தலைவர் இருந்தார்.

கிராமத்துக் கோயிலை நேரில் பார்க்க மணப்பாட்டுக்குப் போகவேண்டும். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று. புயலில் பாய்மரம் முறிந்து தத்தளித்த ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பலின் தலைவர், உயிர் பிழைத்தால் அந்த மரத்தில் சிலுவை நடுவதாக நேர்ந்துகொண்டார். 1540இல் அப்படியே நட்டார் என்பது ஊர் வழக்கு. அதே குன்றின் மேல் 1581இல் திருச்சிலுவை ஆலயம் எழுந்தது. குன்றின் அடியில், கடல் அறைகிற பக்கம், சவேரியார் தங்கிய குகை. உள்ளே சிறு கிணறு. கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் தண்ணீர் கரிக்காது. அவருக்கு முன்பு அந்தக் குகையில் சைவத் துறவி ஒருவர் இருந்தார் என்றும் ஊரில் சொல்கிறார்கள். செப்டம்பர் 1இல் கொடியேறி 14இல் முடியும் மகிமைத் திருவிழாவுக்கு மதம் பார்க்காமல் கூட்டம் வரும். பிழைப்புக்காகக் கொழும்புக்குப் போன மணப்பாட்டுக்காரர்கள் அந்தப் பதினான்கு நாளில் ஊர் திரும்பிவிடுவார்கள். கொழும்பில் சம்பாதித்த பணத்தில் கட்டிய பெரிய வீடுகள் இன்றும் தெருவில் நிற்கின்றன.

இந்த ஊர்களில் கோயிலுக்கு வயலோ தோப்போ பெரிதாகக் கிடையாது. வருமானம் கடல்தான். 1560களில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் வணிகர் சீசர் பிரெடரிக், முத்துக்குளிப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார். குளிப்பவர்கள் கிறிஸ்தவர்கள் என்றும், போர்ச்சுக்கல் அரசருக்கு வரி கொடுப்பதோடு கரையிலிருக்கும் இயேசு சபைக் கோயில்களுக்கும் ஒரு பங்கு கொடுக்கிறார்கள் என்றும் அதில் குறிப்பிடுகிறார். முத்து எப்போதும் கிடைக்காது. பார்களில் சிப்பி விளையாமல் வருடக்கணக்கில் சலாபமே நடக்காமல் போனதுண்டு. இந்தியப் பக்கத்தில் கடைசிப் பெரிய சலாபம் 1961இல் முடிந்தது. சங்கும் மீனும்தான் அன்றாடச் சோறு. மீன் ஏலத்தில் கோயிலுக்கென ஒரு பங்கு எடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் நடக்கிறது. திருவிழாச் செலவு, கோயில் பழுதுபார்ப்பு, தோணி கவிழ்ந்து ஆள் போன வீட்டுக்கு உடனடி உதவி எல்லாம் அந்தப் பங்கிலிருந்துதான். ஞாயிற்றுக்கிழமை யாரும் வலையெடுத்துக் கடலுக்குப் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டை அரசாங்கம் போடவில்லை, ஊர் போட்டது.

சலாபத்தில் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் கரைக்காற்றில் தோணிகள் பார் நோக்கிப் போகும். குளியாள் கல் கட்டிய கயிற்றில் காலை மாட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். இடுப்பில் வலைப்பை. கீழே அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், கொஞ்சம் முன்பின். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டுக் கயிற்றை ஆட்டவேண்டும். மேலே பிடித்திருப்பவர் தூக்குவார். சுறா பயம் எப்போதும் உண்டு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரக்காரர்கள் இருந்ததையும், அவர்களுக்குப் பிடியில் இருபதில் ஒரு பங்கு கூலி கொடுத்ததையும் 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மார்கோ போலோ எழுதிவிட்டார். பரதவர்கள் கத்தோலிக்கர்களான பிறகும் கடல்கட்டி என்ற இந்த மந்திரக்காரருக்கு வேலை போகவில்லை. கழுத்தில் செபமாலை இருந்தாலும், கடல்கட்டி கரையில் நின்று மந்திரம் சொன்னால்தான் குளியாள் இறங்குவார். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை அரிப்புக் கரையில் அந்த வேலையைப் பார்த்தவரே ஒரு கத்தோலிக்கர்தான் என்று இலங்கையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னென்ட் வியப்போடு குறித்திருக்கிறார். கடலில் இறங்குகிறவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

சவேரியாருக்குப் பிறகு வந்தவர்களில் கரையோடு ஒட்டிப்போனவர் அண்டிறிக்கி அடிகளார் என்று நாம் அழைக்கும் அன்றிக் அன்றிக்கஸ். அரை நூற்றாண்டு இந்தக் கரையிலேயே கிடந்தார். புன்னைக்காயலில் மருத்துவமனை அமைத்தார். தமிழ் எழுதப் படிக்கக் கற்று இலக்கணம் எழுதினார். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்க நூல். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்தியாவிலேயே அச்சான முதல் நூல் அதுதான். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. 1586இல் ‘அடியார் வரலாறு’. இந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் பரதவர்கள். தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் எழுத்து வார்த்தவரின் பெயரைச் சொல்வார்கள், நூலாசிரியர் பெயரைச் சொல்வார்கள். செலவை ஏற்ற சங்கு குளிக்கிறவர்களை அடிக்குறிப்பில்கூடப் பார்ப்பது அரிது. அண்டிறிக்கி 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

இனி தூத்துக்குடிக்கு வருவோம்.

தஸ்நேவிஸ் மாதா என்று கரையில் அழைக்கப்படும் பனிமய மாதாவின் திருவுருவம் 1555 சூன் 9ஆம் நாள் ‘சாந்தா எலேனா’ என்ற கப்பலில் மணிலாவிலிருந்து வந்தது என்று கோயில் மரபு சொல்கிறது. சவேரியார் கேட்டுக்கொண்டதன் பேரில் அங்கிருந்த கன்னியர்கள் அனுப்பிவைத்தார்களாம். சொல்லவேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: மணிலா ஸ்பானியர் கைக்குப் போனதே 1571இல்தான். 1555இல் அங்கே கன்னியர் மடம் இருந்திருக்க வழியில்லை. ஆண்டு பிசகியிருக்கலாம், அல்லது புறப்பட்ட இடம் பிசகியிருக்கலாம். திருவுருவம் கடல் வழியாக வந்தது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பனி என்றால் மார்கழிப் பனியை மட்டுமே அறிந்த ஊரில், ரோமாபுரியின் எஸ்குலின் குன்றில் கோடையில் பனி பெய்த புதுமையின் பெயரைத் தாங்கிய மாதா வந்து சேர்ந்தாள். ஏழு கடற்துறைக்கும் ஏக அடைக்கலத் தாய் என்று பட்டம் சூட்டினார்கள். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், திருச்செந்தூர், மணப்பாடு என்று எண்ணப்படும் அந்த ஏழு ஊர்களையும் ஒரே குடும்பமாகக் கட்டிவைத்தது இந்தப் பட்டம்.

அந்தக் குடும்பத்தின் மூத்தவர் சாதித் தலைவர். பாண்டியபதி என்றும் அழைப்பார்கள். முத்துச் சலாபத்தில் அவருக்குத் தனி உரிமைகள் இருந்தன. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதை மதித்தார்கள். கோயிலில் அவருக்கு முதல் மரியாதை. திருநெல்வேலிச் சீமையில் பாளையக்காரருக்கும் மிராசுதாருக்கும் பெருமாள் கோயிலிலும் சிவன் கோயிலிலும் என்ன நடக்குமோ அது அவருக்கு மாதா கோயிலில் நடந்தது. பீடத்தில் இலத்தீன் ஒலித்தது, வாசலில் தமிழ்நாட்டுக் கோயில் முறைமை நின்றது. இதில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. சாதிக்குள்ளேயே மேசைக்காரர், கமாரக்காரர் என்று மேல் கீழ் இருந்தது. பரதவரல்லாத கத்தோலிக்கர்களுக்கு அந்தக் கோயிலில் நெடுங்காலம் இரண்டாம் இடமே. எங்கள் கோயில் என்று பெருமையாகச் சொன்னபோது அந்த ‘எங்கள்’ எல்லாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

டச்சுக்காரர்கள் மோதியது இந்த அமைப்போடுதான். மாதாவின் திருவுருவத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துக் காப்பாற்றினார்கள் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. கம்பெனிக்கு மதத்தைவிட முத்து முக்கியம். குளிக்கத் தெரிந்தவர்கள் கடலில் இறங்க மறுத்தால் சலாபம் கிடையாது, சங்கும் கிடையாது. ஆகவே பிரசங்கத்தைக் குறைத்துக்கொண்டு சாதித் தலைவரோடு பேசி வியாபாரத்தைக் கவனித்தார்கள். 1700 வாக்கில் பியேர் மார்த்தேன் என்ற பிரஞ்சு இயேசு சபைக் குரு, டச்சுக்காரர் நடத்திய முத்துக்குளிப்பை விரிவாக எழுதி ஊருக்கு அனுப்பினார். தூத்துக்குடியில் 50,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்று அவர் மதிப்பிட்டது கொஞ்சம் மிகை என்றே தோன்றுகிறது.

விட்டுக்கொடுத்தல் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 1712ஐப் பார்த்தால் போதும். ஏப்ரல் 4ஆம் நாள் இயேசு சபைக் குரு விஜிலியுஸ் மான்சி புதிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1713 ஆகஸ்ட் 5இல் பனிமய மாதாவை அதில் ஏற்றினார்கள். கோட்டைக்கொடி டச்சுக்காரருடையது, அதன் நிழலில் ரோமைக் கோயில். டச்சுக்காரர்கள் தங்களுக்கென்று 1750இல் கடற்கரைச் சாலையில் ஒரு கோயில் கட்டிக்கொண்டார்கள். கம்பெனி முத்திரையோடு அது இன்றும் நிற்கிறது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் பரிசுத்த திரித்துவ ஆலயம். ஆள்கிறவர்களின் கோயிலும் ஆளப்படுகிறவர்களின் கோயிலும் ஒரே கடற்கரையில், கூப்பிடு தூரத்தில்.

அடுத்த சோதனை ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1759இல் போர்ச்சுக்கல் தன் நாட்டிலிருந்து இயேசு சபையினரைத் துரத்தியது. 1773இல் போப்பாண்டவர் அந்தச் சபையையே கலைத்துவிட்டார். முத்துக்குளித்துறைக்குக் கோவாவிலிருந்து சில குருக்கள் வந்தார்கள். போதுமான எண்ணிக்கையில் இல்லை. குருவைக் காணாமல் மாதக்கணக்கில் கிடந்த ஊர்களில் உபதேசியார் மாலைச் செபம் நடத்தினார், கோயில்பிள்ளை விளக்கேற்றினார், ஊர்ப் பெரியவர்கள் கணக்குப் பார்த்தார்கள், திருவிழா நின்றுபோகவில்லை. குருக்கள் இல்லாமலேயே கோயில் நடக்கும் என்று மக்கள் கற்றுக்கொண்ட காலம் அது. பின்னால் வந்த குருக்களுக்கு இந்தப் படிப்பு பெரிய தலைவலியாக முடிந்தது.

அந்தக் காலத்தின் சாட்சி தங்கத் தேர். செய்தவர் சாதித் தலைவர் தொன் கபிரியேல் த குரூஸ் வாஸ் கோமஸ். தேர் கொடுத்ததால் தேர்மாறன் என்று பெயர் பெற்றவர். 1806 பிப்ரவரி 2ஆம் நாள் அது முதன்முதலாகத் தூத்துக்குடித் தெருவில் ஓடியது. ஊர் அப்போது ஆங்கிலேயர் பிடியில். சிற்பங்கள் செதுக்கி பொன் வேய்ந்த மரத்தேர், வடம் பிடித்து இழுக்க ஆயிரக்கணக்கான கைகள். அக்கம்பக்கத்தில் திருச்செந்தூர் முருகனுக்கும் நெல்லையப்பருக்கும் தேர் ஓடும்போது ஏழு கடற்துறைத் தாய்க்கு ஓடவேண்டாமா என்பது எளிய நியாயம். ஆனால் அதற்குள் அரசியல் இருந்தது. தேரைக் கொடுத்தவர் தலைவர், அதை எப்போது எடுப்பது என்று சொல்கிறவரும் அவரே. மாதா தெருவுக்கு வருகிற நாளில் அவர் ராஜாவாக நிற்பார்.

ஆண்டுதோறும் சூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் சப்பரப் பவனியோடு திருவிழா முடியும். ஆகஸ்ட் 5 மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தங்கத் தேர் வெளியே வருவது சிறப்பான ஆண்டுகளில் மட்டும். 1982இல் கோயில் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டபோது ஓடியது. 2013இல் கோயில் கட்டிய முந்நூறாம் ஆண்டுக்கு ஓடியது. 2023 ஆகஸ்ட் 5இல் ஓடியது பதினாறாவது முறை. 217 ஆண்டில் பதினாறு தடவை. தாத்தாவின் கையைப் பிடித்து ஒருமுறை பார்த்தவர்கள், பேரனின் கையைப் பிடித்து அடுத்த முறை பார்ப்பதற்குள் ஊரே மாறிவிடுகிறது.

1838இல் பிரஞ்சுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். இயேசு சபை 1814இல் மறுபடி உயிர்பெற்றிருந்தது. மதுரை மிஷனைப் புதிதாகத் தொடங்க ரோமை அனுப்பிய பெர்த்ராந், கார்னியே, மார்த்தேன், தியு ராங்கே என்ற நால்வருமே பிரான்சைச் சேர்ந்தவர்கள். பிரஞ்சுப் புரட்சியில் கோயில் சொத்துகள் பறிபோனதைப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள். அவர்கள் நாட்டுக் கோயில் நிர்வாகக் குழுக்களை 1809இல் நெப்போலியன் ஆணை ஒழுங்குபடுத்திவிட்டது. குழு இருக்கும், பங்குக் குருவும் ஆயரும் சொல்வதுதான் நடக்கும். தங்கள் முப்பாட்டன்கள் காலத்தில் கிராமத்தார் கோயிலை எப்படி நடத்தினார்கள் என்பதை அவர்கள் மறந்திருந்தார்கள். அந்தப் பழைய முறையை உயிரோடு வைத்திருந்த கரைக்கு வந்து, இது ஒழுங்கீனம் என்று முடிவு கட்டினார்கள்.

அதே 1838 ஏப்ரலில், மயிலாப்பூர், கொச்சி போன்ற மறைமாவட்டங்களில் ஆயர்களை நியமிக்கப் போர்ச்சுக்கல் அரசருக்கு இருந்த பதுரவாதோ உரிமையை ரத்துசெய்து போப்பாண்டவர் கிரகோரி ஓர் ஆணை பிறப்பித்தார். கோவாக் குருக்கள் அது செல்லாது என்றார்கள். எந்தக் குரு வைக்கும் பூசை செல்லும் என்ற கேள்வி ஊரை இரண்டாக்கியது. கோவாக் குருக்களுக்குத் தலைவரின் உரிமைகளில் கைவைக்கும் எண்ணம் இல்லை. பிரஞ்சுக் குருக்களுக்கு இருந்தது. ஆகவே தூத்துக்குடியில் மாதா கோயில் கோவா பக்கமே நின்றது. பிரஞ்சுக்காரர்கள் உள்ளே நுழைய முடியவில்லை.

நுழைய முடியாதவர்கள் 1849இல் தங்களுக்கென்று வேறு கோயில் கட்டினார்கள், திரு இருதய ஆண்டவர் ஆலயம். 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் பிறந்து, நவீன காலத்தில் இலத்தீன் ரீதிக்கு முதல் இந்திய ஆயராக திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை பொறுப்பேற்றபோது, ஆயரின் ஆசனம் வைக்கப்பட்டதும் இந்தக் கோயிலில்தான். திருச்சபைச் சட்டப்படி மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில் இது. ஆனால் தூத்துக்குடியில் ஆட்டோக்காரரிடம் பெரிய கோயில் என்று சொன்னால் மாதா கோயில் வாசலில் இறக்கிவிடுவார். ஆயர் கோயிலுக்குப் போகவேண்டுமானால் சின்னக் கோயில் என்று சொல்லவேண்டும்.

பிளவு அத்தோடு நிற்கவில்லை. திருமணமும் அடக்கமும் எந்தக் கோயிலில் என்று குடும்பங்கள் பிரிந்தன, கல்லறைத் தோட்டம் வரைக்கும் சண்டை போனது, தலைவரின் அதிகாரமும் அதற்குள் ஆட்டம் காணத் தொடங்கியது. அந்தக் கதையும், பாண்டியபதிப் பட்டம் மெல்ல மங்கிய விதமும் அடுத்த இதழில்.